வாத்துகளில் ஊட்டக்குறை நோய்கள்

வாத்துகளில் ஊட்டக்குறை நோய்கள் என்பன, வளர்க்கப்படும் வாத்துகளுக்குத் தேவையான உயிர்ச்சத்துகள், தாதுப்புகள், புரதம் ஆகியவை இரையில் போதிய அளவு இல்லாதபோது தோன்றும் நோய்கள் ஆகும். கால் வளைதல், நடக்க இயலாமை, சிறகு முறுக்கிக்கொள்ளல், கண் ஒட்டிக்கொள்ளல், தோல் முட்டை இடுதல் ஆகியன இவற்றின் பொதுவான வெளிப்பாடுகள். இந்நோய்கள் தொற்றுவன அல்ல. தொடக்கத்திலேயே கண்டறிந்து இரையைத் திருத்தினால் சில நாட்களிலேயே பறவை தேறிவிடும். ஆனால் வாத்துக் குஞ்சு மிக வேகமாக வளர்வதால், இரண்டு மூன்று வாரத் தாமதம் கூட ஊனத்தை நிலையாக்கிவிடக்கூடும்.

மேய்ச்சலுக்கு விடப்படும் வாத்துகளைவிட, வீட்டு முற்றத்திலும் மாடியிலும் செல்லப் பறவையாக அடைத்து வளர்க்கப்படும் வாத்துகளிலேயே இந்நோய்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன.

இரைத் தேவை

வாத்து ஓர் அனைத்துண்ணி. தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த நெல் வயல்களில் மேயும் சன்யாசி, கீரி போன்ற நாட்டு வாத்துகள் சிந்திய நெல்லுடன் நத்தை, புழு, பூச்சி, சிறு மீன், நீர்த்தாவரம் ஆகியவற்றையும் உண்கின்றன. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளான சாரா, செம்பல்லி ஆகியவற்றின் மேய்ச்சலும் இத்தகையதே. நெல்லில் இல்லாத சத்துகளை நத்தையும் பூச்சியும் ஈடு செய்கின்றன. வீட்டில் அடைத்து வளர்க்கும்போது இந்த ஈடு கிடைப்பதில்லை. சோறு, ரொட்டி, குருணை ஆகியவை வயிற்றை நிரப்பினாலும் உடலை வளர்ப்பதில்லை.

அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 1994இல் வெளியிட்ட அளவீட்டின்படி, வெள்ளை பெக்கின் வாத்துகளுக்குத் தேவையான முதன்மைச் சத்துகள் பின்வருமாறு:

* முதல் இரண்டு வாரங்கள்: தீவனத்தில் 22 விழுக்காடு புரதம், 0.65 விழுக்காடு கால்சியம்
* 2 முதல் 7 வாரங்கள்: 16 விழுக்காடு புரதம், 0.60 விழுக்காடு கால்சியம்
* இனப்பெருக்கப் பருவம்: 15 விழுக்காடு புரதம், 2.75 விழுக்காடு கால்சியம்
* நியாசின்: எல்லாப் பருவத்திலும் கிலோவிற்கு 55 மில்லிகிராம்

இதே அளவீட்டில் இறைச்சிக் கோழிக் குஞ்சுக்கான நியாசின் தேவை 35 மில்லிகிராம் மட்டுமே. முட்டையினக் கோழிக் குஞ்சுக்கு 27 மில்லிகிராம். எனவே கோழிக் குஞ்சுகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட தீவனம் வாத்துக் குஞ்சுக்குப் போதாமல் போகக்கூடும்.

வரலாறு

குறைவான உணவும் நோயைத் தரும் என்ற கருத்து உறுதிப்பட்டதில் பறவைகளுக்கும் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய இந்தோனேசியாவின் படேவியா நகரில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறித்தியான் எய்க்மான், தீட்டிய அரிசிச் சோறு உண்ட கோழிகள் கால் விழுந்து தள்ளாடுவதையும், தீட்டாத அரிசி தரப்பட்டபோது தேறுவதையும் கண்டார். தவிட்டோடு நீங்கிய அந்தச் சத்து பின்னர் தயமின் (உயிர்ச்சத்து பி1) என அறியப்பட்டது. எய்க்மான் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தமிழகத்தில், நீலகிரி மாவட்டம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் இத்தகைய ஆய்வுகளைப் புறாக்களைக் கொண்டு நடத்தினார். 1918இல் அங்கு பெரிபெரி ஆய்வாகத் தொடங்கிய அமைப்பே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

நியாசினின் பங்கை 1937இல் அமெரிக்க அறிவியலாளர் கான்ராட் எல்வெஜெம் நாய்களில் ஏற்படும் கருநாக்கு நோயின் மூலம் காட்டினார். மனிதரில் இதன் குறைபாடு பெலாக்ரா எனப்படுகிறது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், தக்காணத்தில் சோளத்தை முதன்மை உணவாகக் கொண்ட மக்களிடையே பெலாக்ரா காணப்படுவதை ஆராய்ந்தவர். ஒரே தானியத்தைச் சார்ந்த உணவு நோய்க்கு வழிவகுக்கும் என்பது மனிதருக்கும் வாத்துக்கும் பொதுவானது.

முதன்மையான நோய்கள்

நியாசின் குறைபாடு

வாத்துக் குஞ்சுகளில் மிகுதியாகக் காணப்படும் குறைபாடு இதுவாகும். பல விலங்குகள் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நியாசினை உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. வாத்தின் கல்லீரலில் டிரிப்டோபனை வேறு வழியில் சிதைக்கும் நொதி மிகுதியாக இருப்பதால் இந்த ஆக்கம் மிகக் குறைவாகவே நடைபெறுகிறது. ஆகவே வாத்து இரையையே சார்ந்திருக்க வேண்டியுள்ளது. மேலும் மக்காச்சோளம் போன்ற தானியங்களில் உள்ள நியாசினின் பெரும்பகுதி பிற பொருட்களுடன் பிணைந்திருப்பதால் செரிமானத்தில் எளிதில் கிடைப்பதில்லை.

முதலில் குஞ்சு கூட்டத்தோடு நடக்காமல் அடிக்கடி உட்கார்ந்துவிடும். பின் கணைக்கால் மூட்டு வீங்கி, கால்கள் வில்லாக வளையும். முற்றிய நிலையில் குஞ்சு நடப்பதற்குச் சிறகுகளை ஊன்றிக்கொள்ளும். நடக்க இயலாத குஞ்சு இரைத் தட்டையும் நீரையும் அடைய முடியாமல் போவதால், பல குஞ்சுகள் குறைபாட்டைவிடப் பசியாலும் தாகத்தாலுமே இறக்கின்றன.

மாங்கனீசு அல்லது கோலின் குறைபாட்டிலும் கணைக்கால் மூட்டு வீங்கும். ஆனால் அவற்றில் மூட்டின் பின்புறத் தசைநாண் இடம் பெயர்ந்து கால் ஒருபுறமாகத் திரும்பிவிடும். நியாசின் குறைபாட்டில் தசைநாண் பெரும்பாலும் இடம் பெயர்வதில்லை.

தயமின் குறைபாடு

தீட்டிய அரிசியை மட்டும் உண்ணும் பறவைகளிலும், சிலவகை மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து உண்ணும் பறவைகளிலும் இது தோன்றும். அத்தகைய மீன்களில் தயமினைச் சிதைக்கும் நொதி உள்ளது; வேகவைத்தால் அது அழிந்துவிடும். கழுத்து பின்னோக்கி வளைந்து பறவை வானத்தைப் பார்ப்பது போல் கிடப்பது இதன் அடையாளம். தயமின் தரப்பட்டால் மீட்சி விரைவாக நிகழும்.

உயிர்ச்சத்து ஏ குறைபாடு

கண்ணில் நீர் வடிந்து இமைகள் ஒட்டிக்கொள்ளும். வாயிலும் உணவுக்குழலிலும் வெண்ணிறச் சிறு கொப்புளங்கள் தோன்றும். அரிசி, கேழ்வரகு ஆகியவற்றில் உயிர்ச்சத்து ஏ-யின் முன்பொருளான கரோட்டின் மிகக் குறைவு. முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, அரைக்கீரை ஆகியவை இதற்கு எளிதில் கிடைக்கும் நல்ல மூலங்கள்.

கால்சியம், உயிர்ச்சத்து டி குறைபாடு

குஞ்சுகளில் எலும்பும் அலகும் மென்மையாகி என்புருக்கி நோய் தோன்றும். முட்டையிடும் வாத்து தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ஓட்டை அமைக்கும். அது தீர்ந்தபின் தோல் முட்டை இடுதல், கால் தளர்ச்சி, முட்டை வழியிலேயே அடைபட்டுக்கொள்ளுதல் ஆகியவை ஏற்படும். முட்டை அடைபடுதல் உயிருக்கு ஆபத்தானது. உடனடி மருத்துவம் தேவை.

சிறகு முறுக்கம்

வளரும் பருவத்தில் சிறகின் மணிக்கட்டு மூட்டு வெளிப்புறமாகத் திரும்பி, நீளிறகுகள் உடலோடு படியாமல் விரிந்து நிற்கும். ஆற்றல் மிகுந்த இரையால் இறகுகள் விரைந்து வளர்ந்து, முற்றாத மூட்டின் மீது பாரமாக அமைவது முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. மாங்கனீசு, உயிர்ச்சத்து டி, உயிர்ச்சத்து ஈ ஆகியவற்றின் குறைவும் துணைக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பூங்காக்களில் பார்வையாளர் வாத்துகளுக்கு ரொட்டி போடுவதைப் பல நாடுகளில் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிர்ச்சத்து ஈ, செலினியம் குறைபாடு

காறிப்போன எண்ணெயோ பழைய தீவனமோ தரப்படும் குஞ்சுகளில் தசைகள் சிதைந்து வெளிறும். பறவை சோர்ந்து, நடை தளர்ந்து காணப்படும்.

பூஞ்சை நஞ்சு

தீய இரையால் வரும் நோய்கள் அனைத்தும் குறைபாட்டு நோய்கள் அல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன. வாத்துக் குஞ்சுகளும் பாதிக்கப்பட்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை உண்டாக்கிய நஞ்சே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இந்நஞ்சு அஃப்ளடாக்சின் எனப் பெயரிடப்பட்டது. வாத்துக் குஞ்சு இந்நஞ்சால் மிக எளிதில் பாதிக்கப்படுவதால், தொடக்க காலத்தில் தீவனத்தைச் சோதிக்க ஒரு நாள் வயதுக் குஞ்சுகளே பயன்படுத்தப்பட்டன.

இந்தியாவில் 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சில பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட மக்கள் கல்லீரல் நோயுற்று, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அஃப்ளடாக்சின் கல்லீரலைத் தாக்குகிறது. பசியின்மை, வளர்ச்சிக் குறைவு, இறகு உதிர்தல், நடைத் தளர்ச்சி, திடீர் இறப்பு ஆகியவை அறிகுறிகள். இதற்குத் தனி முறிமருந்து இல்லை. சந்தேகத்திற்குரிய தீவனத்தை உடனே நிறுத்துவதே முதல் சிகிச்சை. பூஞ்சை பிடித்த தீவனத்தை வெயிலில் உலர்த்துவதாலோ வேகவைப்பதாலோ நஞ்சு முழுமையாக நீங்குவதில்லை.

பிரித்தறிதல்

கால் தளர்ந்த வாத்து ஒவ்வொன்றும் ஊட்டக்குறையால் பாதிக்கப்பட்டது எனக் கொள்ளக்கூடாது. பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்:

* பொட்டுலினம்: அழுகிய பொருளையும் அதில் நெளியும் புழுக்களையும் உண்பதால் வருவது. கழுத்து துவண்டு தலை தொங்கும். தேங்கிய நீருள்ள வெப்பமான காலத்தில் மிகுதி.
* உலோக நஞ்சு: ஈயம், துத்தநாகப் பூச்சுள்ள திருகு, கம்பித் துண்டு ஆகியவற்றை வாத்து கற்களென்று எண்ணி விழுங்கும். அவை தசைப்பையில் தங்கி அரைபட்டு நஞ்சாகும். பச்சை நிற எச்சமும் மெலிவும் அறிகுறிகள்.
* பாதப் புண்: கரடுமுரடான சிமெண்டுத் தரையால் உள்ளங்காலில் ஏற்படும் வீக்கம்.
* தொற்று நோய்கள்: வாத்துப் பிளேக்கு, வாத்துக் காலரா, பறவைக் காய்ச்சல்.

ஒரே நாளில் பல பறவைகள் நோயுறுதல், திடீர் இறப்பு, குருதி கலந்த கழிச்சல் ஆகியவை தொற்று நோயைக் காட்டும். அந்நிலையில் பறவைகளை இடம் மாற்றாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஊட்டக்குறை பெரும்பாலும் மெல்லத் தோன்றும்; ஒரே இரையை உண்ணும் ஒத்த வயதுக் குஞ்சுகளில் வெவ்வேறு அளவில் காணப்படும்.

மீட்பு முறை

முதல் நாள்

நோயுற்ற பறவைக்கு முதலில் தேவைப்படுவன வெப்பம், நீர், அமைதி ஆகியவை. மெலிந்த வாத்து தன் இறகைக் கோதி எண்ணெய் பூச இயலாததால் எளிதில் நனைந்து குளிரும். முதல் வாரக் குஞ்சுக்கு ஏறத்தாழ 32 பாகை செல்சியசு வெப்பம் தேவை. வாரந்தோறும் சுமார் 3 பாகை குறைக்கலாம். விளக்கைக் கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் அமைத்தால் குஞ்சு தனக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்துகொள்ளும்.

செய்தித்தாள் விரித்த வழுக்கும் தரையில் கால்கள் விரிந்து ஊனம் கூடும். நெல் உமி, வைக்கோல் அல்லது பழந்துணி விரிப்பது நன்று. இரைத் தட்டும் நீரும் உட்கார்ந்த நிலையிலேயே எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். நீர்க்கலம் அலகும் மூக்குத் துளைகளும் மூழ்கும் ஆழம் கொண்டிருக்க வேண்டும். வாத்து நீரில்லாமல் உலர் தீவனத்தை விழுங்கினால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

வாத்தின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே அமைந்துள்ளது. எனவே சோர்ந்த பறவையின் வாயில் நீரையோ மருந்தையோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்து, அதுவே விழுங்கும்படி விட வேண்டும்.

இரை மாற்றம்

வயதுக்கு ஏற்ற முழுச்சத்துத் தீவனமே சிகிச்சையின் அடிப்படை. வாத்துத் தீவனம் கிடைக்காத இடத்தில் மருந்து கலவாத கோழிக் குஞ்சுத் தீவனத்துடன் நியாசின் சேர்த்துத் தரலாம். லேயர் தீவனத்தைக் குஞ்சுகளுக்குத் தரக்கூடாது. அதில் உள்ள மிகுதியான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பல நாட்கள் பட்டினி கிடந்த பறவைக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை இரை தருவது பாதுகாப்பானது.

உலர்ந்த புரூவர்ஸ் ஈஸ்ட்டு நியாசின் உள்ளிட்ட பி வகை உயிர்ச்சத்துகளின் சிறந்த மூலமாகும். ரொட்டி செய்யப் பயன்படும் உயிருள்ள ஈஸ்ட்டு இதற்கு மாற்று அன்று. நியாசின் தனியாகத் தரப்படும்போது, ஒரு லிட்டர் குடிநீருக்கு 25 முதல் 40 மில்லிகிராம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவாகும். நாள்தோறும் புதிய நீரில் கலக்க வேண்டும். தொடக்க நிலையில் உள்ள குஞ்சு சில நாட்களில் எழுந்து நடக்கத் தொடங்கும். நடக்கத் தொடங்கியவுடன் நிறுத்திவிடாமல், எலும்பு வளர்ச்சி நிறைவுறும் வரை தொடர வேண்டும்.

நியாசின் நீரில் கரைவதால் மிகுதி பெரும்பாலும் உடலைவிட்டு வெளியேறிவிடும். உயிர்ச்சத்து ஏ, டி ஆகியவை கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவதால் அளவு மீறினால் நஞ்சாகும். இரும்புச்சத்து கலந்த மனித மாத்திரைகளையும் வலி நீக்கி மருந்துகளையும் கால்நடை மருத்துவரைக் கேளாமல் தரக்கூடாது.

கால், சிறகுப் பயிற்சி

வெதுவெதுப்பான நீரில் நாளுக்கு இருமுறை, பத்து நிமிடங்கள் வரை மிதக்கவிடுவது கால்களுக்கு நல்ல பயிற்சியாகும். நீர் உடலைத் தாங்குவதால் மூட்டின் மீது பாரம் விழுவதில்லை. கண்காணிப்பின்றி விடக்கூடாது, பின்னர் நன்கு உலர்த்த வேண்டும்.

முறுக்கிய சிறகை இயல்பான நிலையில் மடித்து மென்துணியால் சுற்றலாம். சுற்று சிறகை மட்டும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மார்பைச் சுற்றி இறுக்கினால் மூச்சு தடைப்படும். நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்து மூன்று முதல் ஐந்து நாட்கள் தொடர்ந்தால் இளம் பறவையில் பெரும்பாலும் சரியாகும். எலும்பு முற்றியபின் இது பயன் தராது. எனினும் வளர்ப்பு வாத்துக்கு இவ்வூனம் வலி தருவதன்று. அது இயல்பான ஆயுளுடன் வாழும்.

கூட்டத்தில் சேர்த்தல்

வாத்து கூட்டமாக வாழும் பறவை. முற்றிலும் தனிமைப்படுத்தினால் இரை எடுக்க மறுக்கும். தொற்று இல்லை என்று உறுதியானபின், வலைத் தடுப்புக்கு அப்பால் மற்ற வாத்துகளைப் பார்க்கும்படி வைக்கலாம். எடையை நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்துவருவது தேறுதலை அறியச் சிறந்த வழி. தொடர்ந்து எடை குறைந்தால் வேறு நோய் உள்ளது எனக் கொள்ள வேண்டும்.

தொரப்பள்ளி, ஓசூர் பகுதி

தொரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு அருகில் உள்ள ஊராகும். இராஜாஜி 1878இல் இங்கு பிறந்தார். கர்நாடக எல்லையை ஒட்டிய இப்பகுதி ஒருபுறம் தொழிற்பேட்டைகளையும் மறுபுறம் கேழ்வரகு விளையும் மானாவாரி நிலங்களையும் கொண்டது.

கேழ்வரகு எலும்புக்கு வலுவூட்டும் என்பது இப்பகுதியில் நன்கறியப்பட்ட செய்தி. தானியங்களுள் கேழ்வரகில் கால்சியம் மிகுதி என்பதும் உண்மையே. ஆனால் வாத்துக் குஞ்சுக்குக் கேழ்வரகு மட்டும் போதாது என்பதைப் பின்வரும் ஒப்பீடு காட்டும்:

* கால்சியம்: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம், அதாவது 0.34 விழுக்காடு. இது குஞ்சின் தேவையில் ஏறத்தாழப் பாதி. முட்டையிடும் வாத்தின் தேவையில் எட்டில் ஒரு பங்கு.
* நியாசின்: 100 கிராமில் 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல். தேவை 5.5 மில்லிகிராம்.
* புரதம்: சுமார் 7 விழுக்காடு. இளங்குஞ்சின் தேவை 22 விழுக்காடு.

தீட்டிய அரிசியிலும் நியாசின் 100 கிராமில் 2 மில்லிகிராம் அளவே உள்ளது. ஆனால் அரிசித் தவிட்டில் சுமார் 30 மில்லிகிராம் உள்ளது. அதில் ஒரு பகுதி பிணைந்த நிலையில் இருப்பினும் தவிடு சிறந்த சேர்க்கையாகும். புதிய தவிட்டையே பயன்படுத்த வேண்டும். நாட்பட்டால் அதன் எண்ணெய் காறிவிடும். நிலக்கடலைப் புண்ணாக்கிலும் நியாசின் மிகுதி. ஆயினும் மேலே கூறிய பூஞ்சை நஞ்சின் காரணமாகக் குஞ்சுகளுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர்கால இரவுகளில் குஞ்சுகளுக்குக் கூடுதல் வெப்பம் தேவைப்படும். பட்டறைகளுக்கு அருகில் வளர்ப்போர் திருகு, கம்பித் துண்டு, உலோகச் சீவல் ஆகியவை முற்றத்தில் கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழிவு நீர் கலப்பால் கெலவரப்பள்ளி அணைப் பகுதியில் தென்பெண்ணை நீர் நுரைத்து ஓடியது பலமுறை செய்தியாகியுள்ளது. இத்தகைய நீரில் தேறிவரும் வாத்துகளை விடக்கூடாது.

ஓசூரை அடுத்த மத்திகிரியில் அரசு கால்நடைப் பண்ணை அமைந்துள்ளது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் ஓசூரில் உள்ளது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஹெசரகட்டாவில் நடுவண் அரசின் கோழியின வளர்ச்சி நிறுவனம் வாத்து இனப்பெருக்கத்திலும் ஈடுபட்டு வந்துள்ளது. நடமாடும் கால்நடை மருத்துவச் சேவைக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

தடுப்பு

* முழுச்சத்துத் தீவனமே இரையின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். சோறு, ரொட்டி, தின்பண்டம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.
* அசோலா, கீரை, மண்புழு ஆகியவற்றைத் துணை இரையாகத் தரலாம்.
* முட்டையிடும் வாத்துகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கலத்தில் வைத்தால் தேவையான அளவை அவையே எடுத்துக்கொள்ளும்.
* முழுத் தானியமும் கீரையும் உண்ணும் வாத்துகளுக்கு அவற்றை அரைக்கச் சிறு மணற்கற்கள் தேவை.
* தீவன மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகை மீது வைக்க வேண்டும். ஈரம் பட்டதையும் கட்டி பிடித்ததையும் நீக்கிவிட வேண்டும்.
* நனைத்த தீவனத்தைச் சில மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது.
* நாளில் சிறிது நேரமாவது வெயில் பட விட வேண்டும். உயிர்ச்சத்து டி தோலில் உருவாக இது உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

* வாத்து
* உயிர்ச்சத்து
* பெரிபெரி
* பெலாக்ரா
* அஃப்ளடாக்சின்
* கேழ்வரகு
* தொரப்பள்ளி